எத்துப்பல் கேட்டவர்

ஆணி ஆலையில் அவருக்கு முன்னோடி என்று பெயர். உலகத்துக்கு எதையும் புதிதாகச் செய்து காட்டியதால் வந்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த வாசலில் அவர் நுழைந்தாலும் அவருக்கு முன்னால் அவருடைய முன்பற்கள் இரண்டும் நுழைந்துவிடும். ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருவர் ஒருநாள் அப்படிக் கூப்பிட, ஆலை முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது.

மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும். இடதுபக்கத்துப் பல் வலதின்மேல் லேசாகக் கால்மேல் கால் போட்டிருக்கும். வாயை மூட வேண்டுமென்றால் அவர் அதற்கென்று தனியாக முயற்சி எடுக்க வேண்டும். போட்டோ எடுக்கும்போது மட்டும் அந்த முயற்சியைத் தவறாமல் எடுப்பார். கல்யாணப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு அவர் நிற்கும் நிலையைப் பார்த்தால், யாரோ மிரட்டிக் கொண்டுவந்து நிறுத்திய மாப்பிள்ளை என்றுதான் தோன்றும்.

மற்ற நேரமெல்லாம் வாய் திறந்தே இருந்தது. காரணம், அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஆலையில் பதினாறு இயந்திரங்கள். சுருளிலிருந்து கம்பியை இழுத்து, நறுக்கி, ஒரு பக்கம் கூராக்கி, மறுபக்கம் தலையடித்து, நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆணியைத் துப்பும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அந்த இரைச்சலிலும் மனிதர் பேசுவார். மேனேஜரின் நடையைப் பற்றிப் பேசுவார், எண்ணெய்க் குவளையோடு பேசுவார், எதிரே யாரும் இல்லாவிட்டால் இயந்திரத்துக்கே கதை சொல்வார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போகும்படி ஒரு காரியம் நடந்தது. ஒருநாள் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, கூடத்தின் கோடியில், ஆணிகளை நிறுத்துப் பெட்டியில் போடும் மேஜையிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். சரியாக எந்த இடத்தில் சிரிக்க வேண்டுமோ அந்த இடத்தில் சிரித்தாள். அவளுக்குத்தான் காது கேட்காது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பேச்சு மட்டும் தங்கியது. அடுத்தவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வித்தையைத் தானாகவே பழகியிருந்தாள். ஒரு கை ஆணியை அள்ளினால் அரைக் கிலோவா, ஐந்து கிராம் குறைகிறதா என்று முள்ளைப் பார்க்காமல் சொல்வாள். அதனால் ஆலையில் அவள் பெயர் தராசு. அவள் சிரித்த அன்று முன்னோடி கம்பி தீர்ந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அடுத்த வருஷம் கல்யாணம்.

அந்த ஒரு வருஷம் அவள் அவருடைய வாயைப் படித்தாள். மற்றவர்கள் 'ம' என்றாலும் 'ப' என்றாலும் இரண்டு உதடும் ஒட்டும். இவருக்கு ஒட்டாது. கீழுதடு மேலே போய்ப் பல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். ஊரில் வேறு எந்த வாயிலும் இல்லாத எழுத்து அது. அதை அவள் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டாள். மற்றவர்கள் பேசினால் பாதி புரியும், மீதியை ஊகித்துத் தலையாட்டுவாள். அவர் பேசினால் முழுவதும் புரியும். பக்கவாட்டில் நின்றாலும், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்தாலும், வாயில் பாதி ரொட்டி இருந்தாலும் புரியும்.

முப்பத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். ஆலையிலிருந்து இருவரும் ஓய்வு பெற்றார்கள். பேச்சு மட்டும் ஓய்வு பெறவில்லை. எதிர்மாடியில் ஒரு மனிதர் தினமும் காலையில் இரண்டு குடையோடு கிளம்பி, மாலையில் ஒரு குடையோடு திரும்புவார். அவ்வளவுதான் உண்மை. அந்த இன்னொரு குடை எங்கே போகிறது என்று முன்னோடி நாள் தவறாமல் ஒரு கதை கட்டுவார். தராசு துணி மடித்துக்கொண்டே அவர் வாயைப் பார்ப்பாள். திடீரென்று தும்மல் மாதிரி ஆரம்பித்து, வீடு அதிரச் சிரிப்பாள். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் அவள் சிரிப்புக்கு அளவு கிடையாது. கீழ்வீட்டுக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு மணி பார்க்க அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் முன்னோடி உயிரோடு இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. அவரிடம் கேட்டால் அவரே ஒப்புக்கொள்வார்.

சர்க்கரை நோய் வந்து, ஈறு வீங்கி, ஒருநாள் காலையில் ரொட்டியின் ஓரத்தைக் கடித்தபோது முன்பல் இரண்டும் ஆடின. பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். கைக்கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, அதை வெளிச்சத்தில் காட்டினார். கீழ்வரிசையைக் காப்பாற்றலாம், மேல்வரிசையில் மிச்சமிருக்கும் பத்தும் எடுத்தாக வேண்டும் என்றார்.

“எடுத்துட்டு என்ன வைப்பீங்க?” என்று கேட்டார் முன்னோடி.

“மூணு வழி இருக்கு ஐயா. ஒண்ணு, இம்ப்ளான்ட். எலும்புல உலோகத்தைப் பதிச்சு அது மேல பல் வைக்கிறது.”

“ஆணி அடிக்கணும்னு சொல்றீங்க.”

“ஆணி இல்ல, திருகாணி மாதிரி.”

“திருகாணி நம்ம ஆலையில கிடையாதும்மா. அது எதிர்க் கம்பெனி.”

டாக்டர் சிரித்தார். ஆனால் எக்ஸ்ரேயைக் காட்டி, எலும்பு கரைந்து மெலிந்துவிட்டது, சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை, பதித்தால் பிடிக்குமா என்பது சந்தேகம் என்றார். சுவர் இருந்தால்தானே சித்திரம். இரண்டாவது வழி பிரிட்ஜ். இரண்டு பக்கமும் உள்ள பற்கள் நடுவிலிருக்கும் பொய்ப்பல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தூக்க வேண்டியவர்களே தள்ளாடுகிறார்கள், அதனால் அதுவும் நடக்காது. மிஞ்சியது கழற்றி மாட்டும் பல்செட். எல்லாப் பல்லையும் எடுத்து, ஈறு ஆறி வற்றி ஒரு நிலைக்கு வர மூன்று மாதம் பொறுத்து, பிறகு அளவெடுத்துச் செய்வது.

“பல் இல்லாம இருக்க வேணாம்னா, எடுக்கிறதுக்கு முன்னாடியே அச்சு எடுத்து, எடுத்த அன்னிக்கே ஒரு செட் மாட்டிடலாம். ஈறு வத்தினதும் அது தளர்ந்துடும், மாத்திக்கணும். எப்படியா இருந்தாலும் இப்ப இருக்கிற பல்லுக்கு ஒரு அச்சு எடுத்து வச்சுக்கலாம். பின்னாடி பார்த்துச் செய்ய உதவும்.”

“இந்தப் பல்லுக்கு அச்சா? எதுக்கும்மா, போலீஸுக்குக் குடுக்கவா? அதெல்லாம் வேணாம். மூணு மாசம் பொறுத்துக்கிறேன். நேரா, வரிசையா, பத்திரிகையில சிரிக்கிறாங்களே, அந்த மாதிரி ஒரு செட் போடுங்க. நேர்ப்பல் வைக்கப்போறதை வீட்டுல சொல்லல. ஒரே நாள்ல அசத்திடணும்.”

அவருடைய திட்டம் அதுதான். முப்பத்திரண்டு வருஷமாக ஒரு எத்துப்பல்காரனோடு வாழ்ந்தவளுக்கு ஒரு லட்சணமான புருஷனைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மனைவிக்குக் காது கேட்காது என்பதை டாக்டரிடம் அவர் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் காது கேளாதவள் என்பதையே அவர் மறந்துபோய்ப் பல வருஷமாகியிருந்தது. தான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்கிற ஒருத்தியை எப்படிக் காது கேளாதவள் என்று நினைப்பது?

மூன்று தவணையாகப் பல் எடுத்தார்கள். ஊசி போட்டு ஈறு மரத்தபிறகு டாக்டர் குறடு போட்டு இழுக்கவில்லை, உள்ளே தள்ளித் தள்ளி அசைத்தார். எலும்புக்குள் ஏதோ நறநறவென்று விட்டுக்கொடுக்கும் சத்தம் தலைக்குள் கேட்டது. நடுப்பல் இரண்டையும் கடைசியில் வைத்துக்கொண்டார்கள். அவை தட்டில் விழுந்தபோது, கொண்டுபோகிறீர்களா என்று உதவிக்கு நின்ற பெண் கேட்டாள். முன்னோடி பஞ்சைக் கடித்தபடி வேண்டாம் என்று கையை வீசினார். பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த அவமானம் தொலைந்தது என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தார்.

அன்று பேசக் கூடாது. ஒரு தாளில் ‘நாளைக்குப் பேசறேன்’ என்று எழுதிக் காட்டினார். மறுநாள் காலை டீயை ஆறவைத்துக் குடித்துவிட்டு, பல் எடுத்த கதையைக் கைகால் ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார். மேலுதடு உள்ளே மடிந்து கிடந்தது. தராசு கிட்டே வந்து பார்த்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஜன்னலை அகலத் திறந்தாள். “மெதுவா சொல்லுங்க,” என்றாள். மெதுவாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலை அவருக்குத் தெரியும். பாங்க் கவுன்டரில், பஸ்ஸில், மகளின் பள்ளிக்கூடத்தில், ஊரார் பேசும்போது அவள் ஆட்டும் தலை அது. புரியவில்லை, விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். அவருக்கு அந்தத் தலையாட்டல் இதுவரை கிடைத்ததே இல்லை. சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, குடித்து முடித்த டம்ளரைக் கழுவப் போனார்.

பல்லு போனால் சொல்லு போச்சு என்று பழமொழி சொன்ன புண்ணியவான், சொல்லோடு இன்னும் என்னென்ன போகும் என்று சொல்லாமல் போய்விட்டார். மூன்று மாதம்தானே என்று முன்னோடி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார், கடிக்கத்தான் பல் இல்லை. சமையலறையில் ஒரு நோட்டும் பேனாவும் கயிற்றில் கட்டித் தொங்கின. ‘பால் வாங்கணுமா’, ‘மாத்திரை தீர்ந்தது’, ‘மகள் போன் பண்ணினாள்’. குடைக்காரர் கதையையும் ஒருநாள் எழுதிப் பார்த்தார். இரண்டு பக்கம் வந்தது. அவள் பொறுமையாகப் படித்து, நல்லாயிருக்கு என்று சொல்லி மூடி வைத்தாள். சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பாள்? அவர் சொல்லும்போது நடுவில் நிறுத்துவார், புருவத்தைத் தூக்குவார், அவள் அவசரப்படட்டும் என்று வேண்டுமென்றே இருமுவார். தாளில் அதை எங்கே எழுதுவது?

நாளாக ஆக அவள் அவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அதுதான் அவரை அறுத்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தாள். மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கும்போது ஊசியைப் பார்த்தாள். அவர் எதிரே போய் உட்கார்ந்தாலும் கண் நிமிராது. ஒரே அறையில் இரண்டடி தூரத்தில் இருக்கும் ஒருத்திக்காக ஒரு மனிதன் ஏங்க முடியுமா என்று கேட்பவர்கள், ஏங்கிப் பார்த்ததில்லை. மகள் தூரத்து ஊருக்குப் போனபோதுகூட அவர் இப்படித் தவித்ததில்லை. அங்கே ஒரு ரயில் போகிறது, ஒரு போன் இருக்கிறது. இங்கே இருந்ததெல்லாம் குனிந்த ஒரு தலை, அதில் நரைத்த வகிடு. அந்த வகிட்டைப் பார்த்தபடி அவர் சத்தமில்லாமல் வாயசைத்துப் பேசிக்கொண்டிருப்பார். அவள் நிமிர்ந்தால் நிறுத்திவிடுவார்.

பல்செட் வந்தது. கேட்டபடியே நேராக, வரிசையாக, வெள்ளை வெளேரென்று. வீடியோ போனில் மகள் கத்தினாள்.

“அப்பா! பத்து வயசு குறைஞ்சுடுச்சு! அம்மா, பாரும்மா, ஹீரோ மாதிரி இருக்காரு.”

தராசு பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். “நல்லா இருக்கீங்க,” என்றாள். போனை வைத்தபிறகு முன்னோடி நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு, மூன்று மாதமாகச் சேர்த்துவைத்திருந்த குடைக்காரர் கதையை ஆரம்பித்தார். நாக்கு புதுப்பல்லில் போய் இடித்தது. உதடுகள் பழைய பல்லைத் தேடி மேலே போய், அங்கே ஒன்றும் இல்லாமல் தடுமாறித் திரும்பின. அவள் கண்ணை எடுக்காமல், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பாதியில் கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள்.

“யாரோ பேசற மாதிரி இருக்கு,” என்றாள்.

ஒரு மாதத்தில் பழகிவிடும் என்றார் டாக்டர். பழகத்தான் செய்தது. பாதி புரிந்தது. பால், மாத்திரை, போன், மழை வருகிறது, துணியை எடு. வீடு நடக்க அது போதும். தேவையான பேச்சுக்குப் பாதி போதும், தேவையில்லாத பேச்சுக்குத்தான் முழுவதும் வேண்டும். அவர்கள் முப்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தது தேவையில்லாத பேச்சில். இதை யாரிடம் போய்ச் சொல்வது? பல் இருக்கிறது, சோறு இறங்குகிறது, ஆள் லட்சணமாக இருக்கிறார், இதற்குமேல் கிழவனுக்கு என்ன வேண்டும் என்பார்கள்.

ஒரு பிற்பகல் காய்கறிப் பையோடு உள்ளே வந்தவர் படுக்கையறை வாசலில் நின்றுவிட்டார். தராசு கட்டில் முழுவதும் போட்டோக்களைப் பரப்பி வைத்திருந்தாள். கல்யாணம், மகளின் முதல் பிறந்தநாள், ஆலை வாசலில் எல்லோருமாக எடுத்தது, கடற்கரையில் எடுத்தது. பூதக்கண்ணாடியை ஒவ்வொன்றின்மேலும் வைத்து, கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தது தெரியவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

“ஒண்ணுலகூட வாயைத் திறக்கலையே நீங்க. ஒண்ணே ஒண்ணு போதும்னு தேடறேன்.”

காய்கறிப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அழுதார். அவளும் அழுதாள். பிறகு அவர் எழுந்து முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு நேரே பல் டாக்டரிடம் போனார்.

“எனக்கு எத்துப்பல் வேணும்மா.”

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். “எத்துப்பல்லை உள்ள தள்ளச் சொல்லித்தான் ஐயா இத்தனை பேர் கம்பி கட்டிக்கிட்டு வெளிய உக்கார்ந்திருக்காங்க.”

“நெஜமாத்தான் கேக்கறேன்.”

முன்னோடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இதை ஏன் ஐயா முதல் நாளே சொல்லல?”

“மறந்துட்டேன்.”

“பொண்டாட்டிக்குக் காது கேக்காதுங்கறதையா?”

“ஆமாம்மா.”

கோபப்படலாமா கூடாதா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. அச்சு இல்லை, போட்டோ இல்லை, எடுத்த பல்லும் இல்லை. பல் எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு வெளியே நின்றது என்று பார்த்துச் சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார்.

“ஒருத்தி இருக்கா,” என்றார் முன்னோடி.

“இன்னொண்ணு. அவ்வளவு வெளிய வச்சா, முன்னால கடிக்கும்போது செட் பின்னாடி தூக்கிட்டு வரும். ஆப்பிள் எல்லாம் மறந்துடணும். எல்லாத்தையும் நறுக்கி, கடைவாயிலதான் மெல்லணும். கடிக்கிறதா, பேசறதா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“பேசறது,” என்றார் முன்னோடி. யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, மெழுகில் பதித்த பல்வரிசையை வைத்துப் பார்க்க இருவரையும் வரச் சொன்னார்கள். அதுதான் முறை. கெட்டிப் பல்செட்டாக வார்ப்பதற்கு முன் பற்களை மெழுகில் நிறுத்தி, வாயில் வைத்துப் பார்த்து, தள்ள வேண்டியதைத் தள்ளி, இழுக்க வேண்டியதை இழுத்துக்கொள்ளலாம். வழக்கமாக அந்த நேரத்தில் நோயாளியின் கையில் கண்ணாடியைக் கொடுப்பார்கள். அன்று கண்ணாடி கொடுக்கவில்லை. அவர் எதிரே ஒரு முக்காலியைப் போட்டுத் தராசை உட்காரவைத்தார்கள். பல் கட்டுகிற டெக்னீஷியனையும் டாக்டர் வரவழைத்திருந்தார். ஒல்லியான மனிதர், கையில் மெழுகுக் கத்தியும் சின்ன ஸ்பிரிட் விளக்கும்.

முதலில் வைத்துப் பார்த்ததும் தராசு தலையை அசைத்தாள். “இன்னும் வெளிய.”

டெக்னீஷியன் கத்தியைச் சுடவைத்து, மெழுகை இளக்கி, பல்லை முன்னே தள்ளினார். திரும்ப மாட்டினார். “இன்னும்.” திரும்பக் கழற்றினார். “இடது பல்லு வலது மேல கொஞ்சம் ஏறியிருக்கும்.”

“அம்மா, அப்படி வச்சா பார்க்க நல்லா இருக்காது. என் பேரு கெட்டுடும்,” என்றார் டெக்னீஷியன். தராசு அவர் வாயைப் பார்த்துவிட்டு, புரிந்ததோ இல்லையோ, “ஏத்துங்க,” என்றாள். ஏற்றினார்.

நான்காம் தடவை டாக்டர், “ஐயா, ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணுங்க,” என்றார். முன்னோடி எண்ணினார். தராசு முகத்தைச் சுளித்தாள். “எண்ண வேணாம். எண்ணினா எனக்கே தெரிஞ்சுடும், ஆறுக்கப்புறம் ஏழுதானே வரும்? அவரைப் பேசச் சொல்லுங்க.”

கண்ணை மூடிக்கொண்டாள். ஆணிகளை அள்ளி நிறுக்கும்போது செய்வது போல வலது கையைக் காற்றில் குவித்து வைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்து, எழுந்து வந்து, கட்டைவிரலால் அவர் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். “ரெண்டும் கொஞ்சம் கீழ எறங்கணும். ஒரு நூலளவு.” டெக்னீஷியன் இறக்கினார். டாக்டர் ஈறோடு ஒட்டிப் பிடித்து மாட்டிவிட்டு விலகினார்.

இது ஆகவில்லையென்றால் இனி வேறு வழியில்லை. என்ன பேசுவதென்று முன்னோடிக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தார், ஒன்றும் வரவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார்.

“அந்த டெக்னீஷியனைப் பாரு. ஒரு பல்லைக் கோணலா வச்சதுக்கே பத்து நாளா சாப்பிடாதவன் மாதிரி ஆயிட்டான். இவனை நம்ம ஆலையில விட்டிருந்தா, வளைஞ்ச ஆணிக்கெல்லாம் துக்கம் விசாரிக்கப் போயிருப்பான்.”

தராசு அசையாமல் பார்த்தாள். கீழுதடு மேலே போய், பல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு டெக்னீஷியன் பக்கம் ஒருமுறை திரும்பினாள். தும்மல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் அந்தச் சின்ன அறை தாங்கவில்லை. டிரேயில் கருவிகள் கிணுகிணுத்தன. வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர், உள்ளே மயக்க மருந்து இல்லாமல் பல் பிடுங்குகிறார்கள் என்று நினைத்து எழுந்து போய்விட்டார். குழறலாக வந்ததைப் பிடிக்க முடியாத டெக்னீஷியன், என்ன சொன்னார் என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் சொல்லவில்லை.

முன்னோடி விட்டாரா? காத்திருக்கும் இடத்தில் தலைகீழாகப் பத்திரிகை படிக்கும் கனவானைப் பற்றிச் சொன்னார். கீழ்வீட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் மணி பார்க்க முடியாமல் பஸ்ஸைத் தவறவிடுவதைச் சொன்னார். தன்னுடைய நேர்ப்பல்லைப் பார்த்து மளிகைக்கடைக்காரர் மரியாதையாக உட்கார நாற்காலி போட்டதைச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைக்கும்போதும் கண்ணை அவர் வாயிலிருந்து எடுக்கவில்லை. திடீரென்று அவர் நிறுத்தினார். கேட்கக் கூடாது என்று நினைத்துவைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

“இத்தனை நாளா ஏன் என் முகத்தையே பார்க்கல நீ?”

“பார்த்தா நீங்க பேசுவீங்க,” என்றாள் அவள். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். அறைக்கு வெளியே இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. “பேசினா எனக்குப் புரியாது. புரியலேன்னா உங்க முகம் செத்துப் போகுது. அதை என்னால பார்க்க முடியல. நீங்க பேசறது புரியாம போனப்பத்தான் எனக்குக் காது கேக்காதுன்னே தெரிஞ்சுது.”

டெக்னீஷியன் குனிந்து விளக்கை அணைத்தார். அறையில் மெழுகு வாசனை நிறைந்திருந்தது. டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“ஐயா, சரியா அமைஞ்சுடுச்சு. இப்ப எடுத்துடணும். வாய்ச்சூட்டுல மெழுகு இளகினா இடம் மாறிடும். லேபுக்குப் போய் வார்த்து வர ஒரு வாரம் ஆகும்.”

வாயைத் திறக்கச் சொல்லி விரலைக் கொண்டுபோனார். தராசு அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரின் வாயைப் பார்க்கவில்லை, அவர் சொன்னது எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவும் இல்லை. கழற்றப் போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம்,” என்றாள். “அவர் இன்னும் கொஞ்சம் பேசட்டும்மா.”

டாக்டர் டெக்னீஷியனைப் பார்த்தார். டெக்னீஷியன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிஷம் தாங்கும் என்றார். டாக்டர் நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தார். ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, விழுங்காமல் வைத்திருந்து துப்பச் சொன்னார். பிறகு இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய், காத்திருந்தவர்களோடு நின்றுகொண்டார்கள்.